நரி கேட்ட சொல்

குட்டி இளவரசன் கதையைப் படித்தவர்கள் அந்த நரியை மறந்திருக்க மாட்டார்கள். இளவரசன் அதை விளையாடக் கூப்பிடுகிறான். தன்னை யாரும் இன்னும் பழக்கவில்லை, அதனால் வர முடியாது என்கிறது நரி. பழக்குவது என்றால் என்ன என்று அவன் ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்கிறான். அந்தக் கேள்வியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. பிரெஞ்சு மூலத்தில் செந்த்-எக்சுபெரி அங்கே எழுதிய சொல் ‘அப்ரிவ்வாஸே’. 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் அந்தப் புத்தகம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தபோது, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கேத்தரின் வுட்ஸ் அதை ‘டேம்’ என்று எழுதினார். காட்டு விலங்கைப் பழக்குவதற்குச் சொல்லும் சாதாரணச் சொல். ஜெர்மனும் இத்தாலியமும் ஸ்பானியமும் தத்தம் வீட்டு விலங்குச் சொல்லையே எடுத்துக்கொண்டன.

பிரேசில் மட்டும் வேறு வழியில் போனது. ரியோ டி ஜெனிரோ துறைமுகத்துக்கு அருகே குன்றின் மேல் இருக்கும் சாவ் பென்டோ மடத்தின் துறவியும் கவிஞருமான தோம் மார்க்கோஸ் பார்போசா செய்த மொழிபெயர்ப்பு 1952இல் அச்சேறியது. பழக்குவதற்குப் போர்த்துகீசியத்தில் சொல் இல்லாமல் இல்லை. ஆட்டை, மாட்டை, குதிரையைப் பழக்க மூன்று நான்கு வினைகள் கைவசம் இருந்தன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் எடுத்தது ‘கத்திவார்’. லிஸ்பனில் கத்திவார், ரியோக்காரர் வாயில் கச்சிவார். ஒருவரை ஈர்ப்பது, மனத்தைக் கவர்வது, அன்பால் கட்டிப்போடுவது என்று அதற்குப் பொருள். நாம் கவர்ந்தவற்றுக்கு என்றென்றைக்கும் நாமே பொறுப்பு என்ற நரியின் பாடம் அந்த வினையோடு பிரேசில் முழுக்கப் பரவியது. திருமண அழைப்பிதழிலும் பள்ளிச் சுவரிலும் அது ஏறிற்று. அழகிப் போட்டி மேடையில் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வார்கள் என்று ஒரு பேச்சே அங்கு உண்டு.

சிக்கல் அந்த வரியை ஆங்கிலத்தில் சொல்லப் போகும்போது வரும். போர்த்துகீசிய-ஆங்கில அகராதியைத் திறந்தால் கத்திவாருக்கு எதிரே கேப்டிவேட், சார்ம், என்சான்ட், என்த்ரால், அட்ராக்ட் என்று மயக்கும் சொற்கள் வரிசையாக நிற்கும். ‘டேம்’ அந்த வரிசையில் முன்னால் இருக்காது. பிரேசில்காரர் தனக்கு மனப்பாடமான வரியைச் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னால், ஆங்கிலப் புத்தகத்தில் படித்தவருக்கு அது எந்த வரி என்று உடனே பிடிபடாது. ஒரே நரி, ஒரே கோதுமை வயல், ஆனால் சொல் வேறு. எந்த அகராதியும் இதில் தவறு செய்யவில்லை. கத்திவார் இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவந்த பாதை அப்படி.

பாதை ரோமில் தொடங்குகிறது. லத்தீனில் ‘கபெரே’ என்றால் பிடி, கைப்பற்று. போரில் பிடிபட்டவன் ‘கப்தீவுஸ்’. பிடிபட்டவனை வெற்றி பெற்றவன் விற்கலாம், வேலை வாங்கலாம், பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். இதே வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் கேப்சரும் வந்தது, கேட்சும் வந்தது, சேஸும் வந்தது. கடைசி இரண்டும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். ஒன்று வடக்குப் பிரான்சின் நார்மன் பேச்சு வழியாகவும் இன்னொன்று நடுப் பிரான்சின் பேச்சு வழியாகவும் கால்வாயைக் கடந்தன. கிரிக்கெட் மைதானத்தில் கேட்ச் பிடிப்பதையும் சேஸ் செய்வதையும் ஒரே மூச்சில் சொல்கிறோமே, அவை உடன்பிறப்புகள்.

அடுத்த திருப்பம் போர்க்களத்தில் நடக்கவில்லை, வேதத்தில் நடந்தது. புனித பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில், தன் உறுப்புகளில் இருக்கும் பாவத்தின் சட்டம் தன்னைச் சிறைபிடிக்கிறது என்கிறார். அவர் எழுதிய கிரேக்க வினைக்கு ஈட்டிமுனையில் பிடிப்பது என்று வேர்ப்பொருள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் உருவான லத்தீன் விவிலியம் அந்த இடத்தில் ‘கப்திவாரே’ என்ற வினையை வைத்தது. நம் கத்திவாரின் நேர்த் தாய் அதுதான். ஈட்டி இல்லாமல், கயிறு இல்லாமல், ஒரு மனிதனின் உள்ளே நடக்கும் சிறைபிடிப்புக்கு அந்தச் சொல் அப்போதே பழகிவிட்டது. 1952இல் கத்தோலிக்க மடங்களில் வழிபாடு முழுவதும் லத்தீன்தான். ரியோவின் துறவி நரிக்குச் சொல் தேடியபோது இந்த வினை அவர் காதில் ஆயிரம் முறை விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பாவம் பிடித்த கைதி என்ற எண்ணம் சில மொழிகளில் கைதியின் பேரையே கெடுத்துவிட்டது. சாத்தானிடம் சிக்கியவன் என்ற தேவாலயப் பேச்சு தேய்ந்து, இத்தாலியத்தில் ‘கத்தீவோ’ என்றால் இன்று கெட்டவன். பிரெஞ்சில் ‘ஷெத்தீஃப்’ என்றால் நோஞ்சான். ஆங்கிலத்தில் ‘கெய்டிஃப்’ என்று ஒரு பழைய வசைச்சொல் உண்டு. இழிந்தவன், கோழை என்று பொருள். எல்லாம் அதே கப்தீவுஸ்தான். ஐபீரிய தீபகற்பத்தில் மட்டும் இந்தச் சொல் வசையாகவில்லை. ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் கைதி கைதியாகவே இருந்தான். காரணத்தை நான் இப்படித்தான் ஊகிக்கிறேன்: அங்கே முஸ்லிம் அரசுகளுக்கும் கிறிஸ்தவ அரசுகளுக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் போர் நடந்தது. பிடிபட்டவன் எங்கோ இருக்கும் எவனோ அல்ல. பக்கத்து வீட்டுப் பையன், கப்பலுக்குப் போன அண்ணன். அவனை மீட்கப் பணம் திரட்டுவதே வேலையாகக் கொண்ட துறவியர் சபைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோன்றின. 1575இல் கடலில் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டு கிடந்த ஒரு படைவீரரை அவற்றுள் ஒரு சபை 1580இல் 500 தங்கக் காசு கொடுத்து மீட்டது. அவர் பெயர் செர்வான்டிஸ். அந்தப் பணம் சேராமல் போயிருந்தால் உலகத்துக்கு தோன் கிஹோத்தே நாவல் கிடைத்திருக்காது.

போர்த்துகலின் கதையில் ஒரே குடும்பத்துக்குள் இந்தச் சொல் இரண்டு பக்கமும் திரும்பியது. 1437இல் இளவரசர் ஹென்றி, கடற்பயணங்களால் வரலாற்றில் நிற்கும் அதே ஹென்றி, மொராக்கோவின் டேன்ஜியர் நகரைத் தாக்கித் தோற்றார். படை தப்பிப் போக வேண்டுமானால் சியூட்டா கோட்டையைத் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிணையாக ஹென்றியின் கடைசித் தம்பி பெர்னாந்தோ எதிரியிடம் விடப்பட்டார். சியூட்டா திரும்பிப் போகவில்லை. தம்பியும் திரும்பி வரவில்லை. 1443 ஜூனில் பெஸ் நகரச் சிறையில் பெர்னாந்தோ இறந்தார். நாடு அவரைப் புனித இளவரசர் என்று கொண்டாடியது. கைதி என்ற சொல்லுக்கு அதைவிட உயர்ந்த மரியாதை கிடைத்திருக்க முடியாது.

பதினான்கு மாதம் கழித்து, 1444 ஆகஸ்டில், தெற்குப் போர்த்துகலின் லாகோஸ் துறையில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இறக்கினார்கள். அவர்களைப் பங்குபோட்ட காட்சியை அரச வரலாற்றாசிரியர் சுராரா எழுதிவைத்திருக்கிறார். தாயிடமிருந்து பிள்ளையையும் கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்த விதத்தையும், அதைக் கண்டு மனம் உருகியதையும் அவரே சொல்கிறார். குதிரை மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் இளவரசர் ஹென்றி. ஐந்தில் ஒரு பங்காக அவருக்கு வந்தவர்கள் 46 பேர். ஓராண்டுக்கு முன் தம்பியைச் சிறையில் இழந்த அண்ணன் அவர். அன்று மணலில் நின்றவர்களுக்கும் அதே பெயர்தான்: ‘கத்தீவு’, கைதி. அதன் பிறகு போர்த்துகீசியக் கப்பல்கள் போன இடமெல்லாம் அந்தச் சொல்லுக்கு அடிமை என்ற பொருள் கூடவே போயிற்று.

கோவாவுக்கும் போயிற்று. 1583 முதல் ஐந்தாறு ஆண்டு அங்கே இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், நகரத்தின் நேர்த்தெருவில் காலைதோறும் கூடிய சந்தையைப் பற்றி எழுதினார். அரபுக் குதிரை, மிளகு, துணிமணி எல்லாவற்றோடும் மனிதர்களும் அங்கே கூவி விற்கப்பட்டார்கள். அந்தக் கூவல் விற்பனைக்குப் போர்த்துகீசியர் வைத்திருந்த பெயர் ‘லெய்லாங்’. தமிழில் நாம் சொல்லும் ஏலம் அந்தச் சொல்தான். சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் என்று வீட்டுக்குள் வந்த போர்த்துகீசியச் சொற்களை நாம் நட்போடு நினைக்கிறோம். ஏலமும் அதே கப்பலில் வந்தது. அடுத்த நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் நாகப்பட்டினம் போன்ற சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆணும் பெண்ணும் அடிமைகளாக டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே இடத்தில் மோதவிட்டவர் கமோய்ஸ். போர்த்துகலின் பெருங்கவி, 1553இல் படைவீரராகக் கோவாவுக்கு வந்து ஆசியாவில் பல ஆண்டு கழித்தவர். பார்பரா என்ற கருநிற அடிமைப் பெண்ணைப் பற்றி அவர் பாடிய சிறு கவிதை ஒன்று உண்டு. அவள் கைதி, ஆனால் அவளிடம் கைதியானவன் நான் என்பதே அதன் பிடி. ‘கத்தீவு’ என்ற ஒரே சொல்லை முதலில் சந்தைப் பொருளிலும் உடனே காதல் பொருளிலும் அவர் வைக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தக் கவிதை கடினம். ஒரு பக்கம் ஸ்லேவ் என்றால் மறுபக்கம் கேப்டிவேட் என்று எழுத வேண்டும். இரண்டு சொல் வந்ததும் கவிதையின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இந்தச் சமன்பாடு என்ன தந்தது என்ற கேள்வியும் எனக்கு விடுவதில்லை. கவிஞர் தன் சிறையிலிருந்து எழுந்து போகலாம். அவளால் முடியாது.

தமிழில் அந்த முடிச்சு அவிழாது. ‘கவர்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பகைவர் நாட்டுப் பசுக்களை வெட்சிப் பூச் சூடிப் போய் ஓட்டிவருவதற்கு ஆநிரை கவர்தல் என்று பெயர். அப்பட்டமான கொள்ளை. கனிந்த பழம் இருக்கும்போது காயை எடுப்பது போல என்று கடுஞ்சொல்லைக் கண்டிக்கிற குறளில், எடுத்துத் தின்பதற்கும் இதே வினைதான் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீர்காழிக் குளக்கரையில் சம்பந்தர் பாடிய முதல் பதிகத்தில் சிவன் உள்ளத்தைத் திருடியவனாக வருகிறான். வினை அதே கவர்தல். மாட்டைக் கொள்ளையடித்த சொல் கடவுளின் கைக்குப் போய்விட்டது. இன்று கவர்ச்சி என்றால் சினிமா சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. மனத்தைப் பறிகொடுத்தேன், கொள்ளை அழகு, உள்ளம் கொள்ளை போயிற்று என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வழியில் வந்தவைதான். லத்தீனின் கப்திவாரேயும் தமிழின் கவர்தலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. எங்கோ தொலைவில் தனித்தனியே இரண்டும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

நேரில் பார்த்தது பிறகு, பாதிரிமார்களின் மேஜையில். 1578 அக்டோபரில் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூல் அச்சானது. அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் மொராக்கோவின் அல்காசர் கிபீர் போரில் போர்த்துகல் மன்னர் செபஸ்தியான் வீழ்ந்து, படையில் ஆயிரக்கணக்கானோர் கைதிகளானார்கள். அவர்களை மீட்பதிலேயே பல பிரபுக் குடும்பங்களின் சொத்து கரைந்தது. நூறு ஆண்டு கழித்து, 1679இல், கேரளத்தின் அம்பழக்காட்டில் அந்தாவ் த ப்ரோஎன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி வெளிவந்தது. தமிழ் அகராதி வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எழுதியவர் அதை அச்சில் பார்க்கவில்லை, 1666இலேயே இறந்துவிட்டார். வத்திக்கான் நூலகத்தில் தப்பியிருந்த பிரதியைக் கண்டெடுத்து 1966இல் மறுபடி உலகுக்குக் காட்டியவர் தனிநாயக அடிகள். போர்த்துகீசியத்துக்கு ஆங்கிலத்தில் அகராதி வருவதற்கு முன்பே தமிழில் வந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதற்குள் ஆங்கிலத்தில் என்ன நடந்தது? பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கேப்டிவேட்’ லத்தீனிலிருந்து நேராக இறங்கியபோது அதற்கும் சிறைபிடி என்றுதான் பொருள். ஒரு படை இன்னொரு படையைக் கேப்டிவேட் செய்யலாம். மனத்தை மயக்குவது என்ற பொருள் கூடவே வளர்ந்து, மெல்ல மெல்ல மூத்ததை வெளியே தள்ளிவிட்டது. இன்று ஆங்கிலத்தில் ஒரு போலீஸ்காரர் திருடனைக் கேப்டிவேட் செய்தார் என்றால் திருடன் அவர்மேல் மயங்கிவிட்டான் என்றுதான் அர்த்தமாகும். சிறை முழுவதும் ‘கேப்டிவ்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் போய்விட்டது. வினையில் புன்னகை மட்டும் மிஞ்சியது. போர்த்துகீசியம் அப்படிப் பாகம் பிரிக்கவில்லை.

அகராதியில் கத்திவாருக்கு எதிரே நிற்கும் மற்ற ஆங்கிலச் சொற்களுக்கும் இதே முன்கதைதான். ‘என்த்ரால்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘த்ரால்’, வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் அடிமை. என்த்ரால் என்றால் முதலில் அடிமையாக்கு. ‘அல்யூர்’ வல்லூறு வேட்டையிலிருந்து வந்தது. பறந்துபோன பறவையைத் திரும்ப அழைக்க இறகும் இறைச்சியும் கட்டிச் சுழற்றும் பொய்ப்பறவைக்கு லூர் என்று பெயர். ‘டிலைட்’ என்ற இனிய சொல்லின் அடியில் கண்ணியில் சிக்கவைக்கும் லத்தீன் வினை ஒன்று கிடக்கிறது. ‘அட்ராக்ட்’ என்பதோ இழு, டிராக்டரின் வேர். ‘சார்ம்’ மந்திரப் பாட்டு. ‘கிளாமர்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? கிராமரிலிருந்து. இலக்கணம் படித்தவனுக்கு மாந்திரீகமும் தெரியும் என்று ஸ்காட்லாந்து மக்கள் நம்பினார்கள். கிராமர் அவர்கள் வாயில் கிளாமராகி, கண்கட்டு வித்தைக்குப் பெயராகி, வால்டர் ஸ்காட்டின் எழுத்தால் ஊரெங்கும் பரவியது.

போர்த்துகீசியத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தது மது வியாபாரம். 1703இன் மெத்வென் உடன்படிக்கைப்படி ஆங்கிலக் கம்பளித் துணி போர்த்துகலுக்குள் போகலாம். பதிலுக்குப் போர்த்துகீசியத் திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு மதுவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரி. ஓப்போர்ட்டோ நகரம் ஆங்கில வணிகர்களால் நிறைந்தது. பீப்பாய்க் கணக்கு எழுத, கடன் கேட்க, வேலைக்காரரை அழைக்க அவர்களுக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. 1701இலேயே லண்டனில் ஓர் அகராதி வந்திருந்தது. 1773இல் அந்தோனியோ வியெய்ராவின் பெரிய இருவழி அகராதி அங்கேயே வெளியாகி, அடுத்த நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப அச்சாயிற்று. பின்னால் வந்த அகராதிக்காரர்கள் முன்னவரிடம் எடுப்பது தொழில் வழக்கம். ஒருவர் எழுதிய நிகர்ச்சொல் இன்னொருவர் பக்கத்தில் ஏறி, மூன்றாமவர் கையில் சட்டமாகிவிடும்.

அப்படி எடுத்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் பெத்ரு கரோலினு. 1855இல் பாரிஸில் அவருடைய போர்த்துகீசிய-ஆங்கில உரையாடல் கையேடு வெளிவந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. ஜோசே த பொன்சேகா என்ற தேர்ந்த அறிஞர் முன்பே எழுதியிருந்த போர்த்துகீசிய-பிரெஞ்சுக் கையேட்டை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு-ஆங்கில அகராதி ஒன்றின் துணையோடு சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார். பொன்சேகாவின் பெயரையும் அட்டையில் சேர்த்தார். ஒருவர் வீட்டு வாசலில் நெடுநேரம் காத்திருப்பதைச் சொல்லும் பிரெஞ்சு மரபுத்தொடர் ஒன்று, அவர் கையில் குட்டிக் குரங்கைக் கடித்து மெல்வதாக ஆகியது. 1883இல் லண்டனில் அதன் தேர்ந்தெடுத்த பகுதிகள் வந்தன. அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதினார். போர்த்துகீசியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது நிலையான சாட்சி. நம் நரியும் இதே முக்கோணத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வேறொரு கரையில் கத்திவாரின் மூத்த பொருள் துளியும் தேயவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலில் இறக்கப்பட்ட அடிமைகள் 48 லட்சத்துக்கும் மேல். வேறெந்த நாடும் இத்தனை பேரை இறக்கியதில்லை. அடிமை வாழ்வை அங்கே சொல்லும் சொல் ‘கத்திவேய்ரு’, கைதிநிலை. 1871இல் அடிமைத் தாயின் வயிற்றில் பிறக்கும் பிள்ளை சுதந்திரமானது என்று ஒரு சட்டம் வந்தது. 1888 மே 13 அன்று இளவரசி இசபெல் கையெழுத்திட்ட தங்கச் சட்டம் அடிமை முறையை முழுவதுமாக ஒழித்தது. அதிலிருந்து நரிக்கதை அங்கே வெளிவந்த நாள்வரை 64 ஆண்டுகள்தான். கத்திவேய்ருவைக் கண்ணால் கண்ட பாட்டிகளும் தாத்தாக்களும் அப்போது பிரேசிலில் உயிரோடு இருந்தார்கள். அந்த மண்ணில், அந்தச் சொல்லை, அன்புக்காக ஒரு துறவி எடுத்தார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிடித்தவனுக்குப் பிடிபட்டதன்மேல் என்றென்றைக்கும் பொறுப்பு உண்டு என்று நரி சொல்லும்போது, ‘டேம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு கனம் அந்த மண்ணில் அதற்கு வந்துவிடுகிறது.

‘டேம்’ சொல்லையும் குறைத்து மதிக்க வேண்டாம். அதன் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிரேக்கத்தில் ‘அதமாஸ்’ என்று ஒரு சொல் வந்தது. பழக்க முடியாதது, வெல்ல முடியாதது. மிகக் கடினமான உலோகத்துக்கும் வைரத்துக்கும் அந்தப் பெயர். ஆங்கிலத்தின் டயமண்ட் அதிலிருந்து பிறந்தது. இடைக்காலத்தில் யாரோ அந்த ‘அதமாஸ்’ சொல்லை, காதல்கொள் என்று பொருள்படும் லத்தீன் ‘அதமாரே’யோடு குழப்பிக்கொண்டார்கள். காதல்கொள்ளும் கல் என்றால் இரும்பை இழுக்கும் கல்லாகத்தானே இருக்க வேண்டும்? பிரெஞ்சில் அது ‘எமான்’ ஆகிக் காந்தத்துக்குப் பெயரானது. அங்கிருந்து போர்த்துகீசியத்துக்குப் போய் ‘ஈமன்’ ஆயிற்று. பழக்க முடியாததைக் குறித்த சொல் ஒரு குழப்பத்தால் ஈர்க்கும் கல்லாகிவிட்டது. நம் காந்தத்திலும் காதல் இருக்கிறது. வடமொழியில் அயஸ்காந்தம் என்றால் இரும்பின் அன்புக்குரியது.

பிரெஞ்சுக்காரரின் ‘அப்ரிவ்வாஸே’ வேறு குலம். தனக்குரியது, அந்தரங்கமானது என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ப்ரைவேட் அதற்கு உறவு. காட்டில் பொதுவாகத் திரிந்ததைத் தன் வீட்டு ஆளாக்கிக்கொள்வது. ஆக, செந்த்-எக்சுபெரி வீட்டுக்குள் அழைத்தார், வுட்ஸ் பழக்கினார், துறவி சிறைபிடித்தார்.

லிஸ்பனில் கத்திவார் இன்னொரு வேலையும் பார்க்கிறது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பகுதியை அரசு செலவிட விடாமல் பிடித்துவைத்தால் அதற்கும் கத்திவார்தான். 2015க்குப் பிறகு மாரியு செந்தேனு நிதியமைச்சராக இருந்த ஆண்டுகளில் இந்தச் சொல் நாளிதழ்களில் அடிக்கடி தலைப்பானது. மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் போக வேண்டிய பணம் கைதியாகக் கிடக்கிறது என்று எதிர்க்கட்சிகள் சண்டையிட்டன. அங்கோலாவில் மதிப்புக்கூட்டு வரியில் வாங்குபவரே பிடித்துவைத்துக் கட்டும் பங்குக்கும் இதே பெயர். பிரேசிலின் கால்பந்து மைதானத்தில் ஒருவருக்கென்றே ஒதுக்கிய இருக்கை கைதி நாற்காலி. இவற்றையெல்லாம் ஆங்கிலமாக்குபவர் ஒரு பக்கத்தில் கேப்டிவேட், அடுத்த பக்கத்தில் ஃப்ரீஸ், மூன்றாவதில் ரிசர்வ், நரி வந்தால் டேம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பெட்டியைத் திறக்க வேண்டும்.

பிடித்துவைத்த பணத்தை அரசு கடைசியில் விடுவிப்பதும் உண்டு. அதற்கும் ஒரு வினை இருக்கிறது: ‘தெஷ்கத்திவார்’, கைதிநிலை நீக்கு. கதையில் அந்த வினை வரவில்லை. இளவரசன் புறப்படும் நேரத்தில் நரி அழப்போகிறது. அவனால் தனக்கு என்ன லாபம் என்று கேட்டால், கோதுமை வயலின் நிறம் என்கிறது. கோதுமை அதற்கு உணவு அல்ல. ஆனால் இனி காற்றில் அசையும் அந்தத் தங்க நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தலைமுடி நினைவுக்கு வரும்.